நுவரெலியாவிலிருந்து ஒஹியாவரை: ஹோர்ட்டன் சமவெளியைச் சைக்கிளில் கடக்க விரும்புவோருக்கு

நுவரெலியாவிலிருந்து பிளாக்பூல், மீபிலிமான, அம்பேவெல, பட்டிப்பொல என்று ஏறி, ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவைக் குறுக்காகக் கடந்து, மறுபுறத்தில் ஒஹியா ரயில் நிலையத்துக்கு இறங்கும் வீதி மொத்தமாக 40 கிலோமீற்றரைச் சற்றே தாண்டும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சைக்கிள் ஓட்டிப் பழகியவருக்கு இது வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடக்கூடிய தூரமாகத் தோன்றும். ஆனால் இந்த வீதிக்கு அரை நாளை முழுமையாக ஒதுக்க வேண்டும். அதற்குரிய காரணத்தை முதலிலேயே விளங்கிக்கொண்டால், சைக்கிளைத் தயார்செய்வது முதல் ஒஹியாவில் இறங்கி நிற்பது வரையிலான எல்லா முடிவுகளும் எளிதாகும்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமாகிய பட்டிப்பொல 1,900 மீற்றரை ஒட்டியே உள்ளது. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், முதல் 20 கிலோமீற்றர் சமதரை என்று எண்ணிவிடுவார். உண்மையில் வீதி இறங்கி இறங்கி ஏறுவதால், கணக்கில் வராத ஏற்றங்கள் கால்களில் சேர்ந்துகொண்டே போகும். பட்டிப்பொலவுக்கு அப்பால், 2,100 முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்து கிடக்கும் சமவெளியை நோக்கி வீதி செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதன் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். கொழும்பிலிருந்து முந்தின நாள் மாலை வந்து மறுநாள் காலை மிதிக்கத் தொடங்குபவருக்கு வழக்கமான வேகத்திலேயே மூச்சு வாங்கும். ஒரு நாளாவது நுவரெலியாவில் தங்கி, கிரகரி வாவியைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்த்த பின்னர் புறப்படுவதே நல்லது.

கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளில் இந்தப் பயணத்தை மேற்கொள்ள வேண்டாம். கியர் உள்ள சைக்கிளிலும் மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பதைப் புறப்படுவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். முன் பற்சக்கரத்தில் 34 பற்களும் பின்னால் உள்ள மிகப் பெரிய பற்சக்கரத்தில் 34 பற்களும் இருந்தால், பெடல் ஒருமுறை சுற்றும்போது சைக்கிள் ஏறத்தாழ 2.1 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று என்ற இதமான கதியில் மிதித்தால் மணிக்கு 9 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் ஏறலாம். அதே ஏற்றத்தை முன்னால் 39, பின்னால் 25 பற்கள் உள்ள பழைய பந்தயச் சைக்கிளில் அதே வேகத்தில் ஏற முயன்றால், பெடல் நிமிடத்துக்கு 45 சுற்றுக்களே சுற்றும். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அழுத்தமாக ஒரு மணிநேரம் மிதித்தவரின் முழங்கால், மூச்சு தளர்வதற்கு முன்பே தளர்ந்துவிடும். ஆகவே, சிறிய கியருக்காகச் செலவிடும் பணத்தை வீண் என்று எண்ணாதீர்கள்.

பிரேக்கை முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் வகையானால், பிரேக் கட்டையில் உள்ள பள்ளக் கோடுகள் தேய்ந்து மறைந்திருக்கக் கூடாது. கட்டைக்குள் புதைந்திருக்கும் மணலையும் உலோகத் துகளையும் ஊசிமுனையால் எடுத்துவிடுங்கள். கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிளையே மாற்றுங்கள். டிஸ்க் பிரேக்கானால், தகட்டில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வதும், உராயும் பகுதி 1 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிட்டால் மாற்றிவிடுவதும் போதும். டயர் 28 மில்லிமீற்றர் அகலமாவது இருப்பது நன்று. குண்டும் குழியுமான இடங்களில் இறுக்கமான டயர் துள்ளும், ஈரத்தில் வழுக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த அகல டயருக்கு 70 இறாத்தல் அழுத்தத்துக்கு மேல் காற்றடிக்க வேண்டியதில்லை. பட்டிப்பொலவைத் தாண்டினால் கராஜ் எதையும் எதிர்பார்க்க முடியாது. ஆகையால் இரண்டு டியூப்கள், கைப்பம்பு, ஒட்டுப்போடும் பொருட்கள், செயின் கழற்றும் கருவி ஆகியவை உங்களிடமே இருக்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரையான பகுதியே எனக்கு விருப்பமானது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் சமவெளியின் புல் மீது உறைபனி படிவதுண்டு. ஆனாலும் அம்மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும், வீதியும் சூரியன் ஏறியவுடன் காயும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேட்டுநிலத்தின் மீது நேராக மோதும், பனிமூட்டம் பகலெல்லாம் கலையாமல் நிற்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையோடு மண்சரிவு அபாயமும் சேர்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் விளைவித்த அழிவைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழை நாட்களுக்குப் பின் புறப்படுவதானால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்த பின்னரே புறப்படுங்கள். ஏப்ரல் புத்தாண்டை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். நுவரெலியாவின் வசந்தகாலக் கொண்டாட்டத்துக்கு வரும் வாகனங்களால் வீதி நிறைந்திருக்கும்.

எந்த மணிக்குப் புறப்படுவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பூங்காவுக்குள் உள்ள உலக முடிவு (World’s End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பின் காட்சியைக் காலை 9 அல்லது 10 மணிக்கே மேகம் மூடிவிடும் என்பதால், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய வேன்கள் இருட்டோடு நுவரெலியாவிலிருந்து கிளம்பி, வாயில் திறக்கும் 6 மணிக்கு அங்கே நிற்க விரைகின்றன. அதிகாலை 5 மணிக்குப் புறப்படும் சைக்கிளோட்டி அந்த விரைவுக்கு நடுவே, இருட்டில், ஒடுங்கிய வீதியில் சிக்கிக்கொள்கிறார். அதே வேன்கள் 10 மணிக்குப் பிறகு திரும்பி இறங்கத் தொடங்கும். நீங்கள் 6.30 மணியளவில், அந்த வேன்கள் மேலே போய்ச் சேர்ந்த பின் புறப்பட்டால், பட்டிப்பொலவை 8.30க்கும் பூங்கா வாயிலை 9.30க்குள்ளும் அடையலாம்; வேன்கள் பட்டிப்பொலப் பக்கம் இறங்கும் நேரத்தில் நீங்கள் ஒஹியாப் பக்கத்தில் இருப்பீர்கள். உலக முடிவின் காட்சியை இழப்பீர்கள் என்பது உண்மை. அதைக் காண்பதற்கு வேறொரு நாள் வேனில் வரலாம். சைக்கிளுக்கு இந்த நேரமே பாதுகாப்பானது.

கொண்டுபோக வேண்டியவற்றுள் உடையே முதன்மையானது. ஏறும்போது வியர்க்கும், இறங்கும்போது அந்த வியர்வையே உடலைக் குளிரச் செய்யும். சமவெளியின் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ். அதில் ஈரச் சட்டையோடு மணிக்கு 30 கிலோமீற்றர் வேகக் காற்றை எதிர்கொண்டால் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். காற்றும் மழையும் புகாத மெல்லிய மேலங்கி ஒன்றும், விரல் முழுவதையும் மூடும் கையுறையும், மாற்றிக்கொள்ள உலர்ந்த பனியன் ஒன்றும் கட்டாயம். ஒரு மார்ச் மாதம், காலை வெயிலை நம்பிக் கையுறையின்றிப் போன நான், ஒஹியா இறக்கத்தின் பாதியில் விரல்கள் மரத்து, பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்பதே தெரியாத நிலைக்கு வந்தேன். நல்ல வேளையாக அது ஒரு நேரான பகுதி. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு கால் மணிநேரம் நின்ற பின்னரே விரல்கள் மடங்கின. கையுறையைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

சாப்பாட்டுக்கு வாழைப்பழமும், முந்தின இரவு சுட்ட தேங்காய் ரொட்டியும், கித்துள் கருப்பட்டித் துண்டுகளும் போதும். கடையில் விற்கும் சக்திப் பொடிகளால் கிடைப்பது இவற்றாலும் கிடைக்கும். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாச்சத்து உடலுக்குள் போக வேண்டும், ஒரு பெரிய வாழைப்பழத்தில் அதில் பாதி அளவு இருக்கிறது. எதையும் பொலித்தீனில் சுற்றாதீர்கள். வாயிலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள். அது வெறும் விதிக்காக அல்ல, உணவு வாசனை ஒட்டிய தாளை மரை என்னும் பெரிய மான்கள் விழுங்கிவிடுவதால். ரொட்டியை வாழையிலையிலோ துணியிலோ சுற்றிக்கொள்ளுங்கள்.

நகரிலிருந்து பதுளை வீதியில் வாவியைக் கடந்து வந்து, சீதையம்மன் கோயிலும் ஹக்கல பூங்காவும் இருக்கும் திசையில் நேராகப் போய்விடாமல், பிளாக்பூல் சந்தியில் வலப்புறம் திரும்ப வேண்டும். மீபிலிமான வரை இருபுறமும் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள். விளைச்சல் ஏற்றும் லொறிகள் ஓரத்தில் நிற்கும், அவற்றின் சக்கரங்களிலிருந்து விழும் களிமண் வீதியில் படிந்திருக்கும். பாடசாலை நாட்களில் 7 மணியளவில் பிள்ளைகள் வீதியோரமாகக் கூட்டமாக நடப்பார்கள், தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் போவார்கள். மணியை முன்கூட்டியே மெதுவாக அடித்து, அகன்று கடந்து செல்லுங்கள். கந்தே எல நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டுப்பகுதியில் முதல் தடவையாகக் குளிர் மாறுவதை உணர்வீர்கள். அம்பேவெலவில் காட்சி திறந்து, பசுப் பண்ணைகளின் புல்வெளிகளும் காற்றாலைகளும் தெரியும். அந்தக் காற்றாலைகள் வேகமாகச் சுழன்றால், மேலே திறந்த புல்வெளியில் காற்று பலமாக இருக்கும் என்று பொருள். ரயில் கடவை வரும் இடங்களில் தண்டவாளத்தைச் செங்கோணத்தில் கடக்க வேண்டும். ஈரத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும். பட்டிப்பொலவில் ஒரு கடையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்து, போத்தல்களை நிரப்பி, சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் உள்ள ஏற்றத்தில் ஒரே ஒரு விதியைக் கடைப்பிடித்தால் போதும்: முழு வாக்கியம் ஒன்றைத் தடையின்றிப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், உடனே ஒரு கியர் இறக்குங்கள். வளைவின் உட்புறம் எப்போதும் செங்குத்தாக இருக்கும். எதிரே வாகனம் இல்லையென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சற்று வெளிப்புறமாக ஏறலாம், தெரியாவிட்டால் இடப்பக்கத்திலேயே இருந்து செங்குத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சீட்டிலிருந்து எழுந்து மிதிப்பது இருபது முப்பது மிதிகளுக்கு நல்லது. முதுகுக்கும் அது ஆறுதல். ஈரமான இடத்தில் எழுந்து மிதித்தால் பின்சக்கரம் பிடியிழந்து சுழலும். களைத்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் குறைவு எதுவுமில்லை.

வாயிலில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டைப் பெற வேண்டும். சைக்கிளில் உள்ளே செல்லும் எண்ணத்தை முந்தின நாளே தெரிவித்து, அன்றைய நடைமுறையைக் கேட்டு வையுங்கள். அவர்கள் மறுக்கும் நாளில் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்புள்ள இந்த இடம் 1969இல் இயற்கை ஒதுக்ககமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது; 2010இல் சிவனொளிபாதமலைக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் ஊற்றுக்கண்கள் இங்கே உள்ளன. ஓடையில் கைகால் கழுவவோ, செயினில் படிந்த சேற்றை அலசவோ கூடாது. செயின் எண்ணெய் ஒரு துளியாயினும் அந்த நீரோடுதான் போகும்.

வாயிலைக் கடந்தவுடன் சூழும் மேகக்காட்டைப் பற்றிச் சைக்கிளோட்டி அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கீன மரங்களின் குடை போன்ற தலைகளும், கிளைகளில் தொங்கும் பாசியும் மேகத்தின் நுண்துளிகளைப் பிடித்துத் துளித்துளியாகச் சொட்டுகின்றன. ஆகவே மழையே பெய்யாத நாளிலும் மரங்களுக்குக் கீழே வீதி நனைந்திருக்கும், திறந்த புல்வெளியில் காய்ந்திருக்கும். காய்ந்த பகுதியில் பெற்ற வேகத்தோடு நிழலுக்குள் நுழைபவருக்கு இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் சக்கரத்துக்குத் தெரிந்துவிடும். மர நிழல் தொடங்கும் இடம் தெரிந்தவுடனேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீதியின் நடுவிலும் ஓரத்திலும் பச்சையாகத் தெரியும் பாசிக் கோட்டைத் தொடாமல், வாகனச் சக்கரங்கள் தேய்த்த தடத்திலேயே செல்லுங்கள்.

யானைக்கு இங்கே அஞ்ச வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே யானைகள் இம்மேட்டிலிருந்து மறைந்துவிட்டன. நீங்கள் சந்திக்கக்கூடியது மரை. நன்கு வளர்ந்த ஆண் மரை இருநூறு கிலோவைத் தாண்டும், பனிமூட்டத்தில் அதன் பழுப்பு நிறம் கடைசி நேரம் வரை தெரியாது. வாகனத்தின் இரைச்சல் கேட்டு விலகப் பழகிய விலங்குகளுக்குச் சைக்கிள் சத்தமின்றி வந்து சேர்வது அதிர்ச்சியைத் தரும், அதிர்ந்த விலங்கு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. ஆகையால் தூரத்தில் ஒன்றைக் கண்டால் நின்றுவிடுங்கள். அது வீதியைக் கடந்து முடிக்கும் வரை காத்திருந்து, ஒன்றின் பின் இன்னொன்று வருகிறதா என்று பார்த்த பிறகே நகருங்கள். தீனி கொடுக்க வேண்டாம். மாலையிலும் விடியலிலும் நடமாடும் சிறுத்தையும் இங்கே உண்டு. பிற்பகல் முதிர்வதற்குள் பூங்காவை விட்டு வெளியேறிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வழியில் வீதியோரத்தில் அரெங்கா குளம் வரும். இலங்கைக்கே உரிய, மிகவும் கூச்சமுள்ள இலங்கைச் சீகாரப் பூங்குருவி வாழும் இடம் அது. அங்கே மணியடிக்காமலும் பேசாமலும் கடந்தால், கடைசிவரை அதன் கீச்சொலியை மட்டும் கேட்கும் பேறாவது கிடைக்கும்.

பூங்காவின் பார்வையாளர் நிலையமாகிய ஃபார் இன் கட்டடத்தருகே சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு ஓய்வெடுக்கலாம். உலக முடிவுக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கும் செல்லும் பாதைகள் நடப்பவர்களுக்கு உரியவை. அங்கே சைக்கிளை உருட்டிக்கொண்டும் போகக் கூடாது. பெடலில் பொருந்தும் கட்டைச் சப்பாத்து அணிந்தவர் நடக்க விரும்பினால் வேறு சப்பாத்து கொண்டுவர வேண்டும். நடையையும் சைக்கிளையும் ஒரே நாளில் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடந்த கால்களோடு ஒஹியா இறக்கத்தில் இறங்குவது அபாயகரமானது.

அந்த இறக்கம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். புறப்படுவதற்கு முன், ஈரப் பனியனைக் கழற்றி உலர்ந்ததை அணிந்து, மேலங்கியின் உள்ளே நெஞ்சுக்கு நேராக ஒரு மடித்த பத்திரிகைத்தாளை வைத்துக்கொள்ளுங்கள். காற்றைத் தடுப்பதில் அதற்கு ஈடான பொருள் குறைவு. பிரேக் இரண்டையும் அழுத்திப் பாருங்கள். சக்கர விளிம்பு ஈரமாக இருந்தால், முதல் ஓரிரு சுற்றுக்களில் பிரேக் தண்ணீரைத் துடைக்கும், பிறகுதான் பிடிக்கும். எனவே ஒவ்வொரு வளைவுக்கும் வெகுமுன்னதாகவே இலேசாகத் தொட்டு விளிம்பைத் துடைத்து வைக்க வேண்டும்.

வேகத்தைக் கணக்கிட்டுத் தீர்மானியுங்கள். ஈரத் தாரில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர், ஆபத்தைக் கண்டு, பிரேக்கை அழுத்தி, நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீற்றர் தேவை. மணிக்கு 20 கிலோமீற்றரில் அது 11 மீற்றராகக் குறைகிறது. ஒரு வாகனமே செல்லக்கூடிய அகலமுள்ள வீதியில், எதிரே வருபவருக்கும் நிற்க இடம் வேண்டும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தின் பாதிக்குள் நிற்கக்கூடிய வேகமே உங்கள் உச்ச வேகம். பனிமூட்டத்தில் 25 மீற்றர் மட்டும் தெரிந்தால், மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. முன்னும் பின்னும் விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிப்பது விழுவதற்கான வழி. வளைவுக்கு முன்பே, சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, உடலைச் சற்றுப் பின்னே தள்ளி, வெளிப்புறப் பெடலைக் கீழே இறக்கி அதில் எடையை ஊன்றி, வளைவு முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே திரும்புங்கள். பள்ளத்தைப் பார்ப்பவர் பள்ளத்தை நோக்கித்தான் போவார். நாம் இடப்பக்கமாகச் செல்வதால், இடப்புற வளைவுகளில் மலைச்சரிவு பார்வையை மறைக்கும். வலப்புற வளைவுகளில் குறுக்காக வெட்டிச் செல்லும் ஆசை வரும். முதலாவதில் மணியடியுங்கள், இரண்டாவதில் ஆசையை அடக்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். அழுத்தி, விட்டு, மீண்டும் அழுத்துங்கள். பாதி வழியில் ஒருமுறை கட்டாயம் நிறுத்தி, கைகளை உதறி, விளிம்பும் தகடும் ஆற விடுங்கள். சூடான டிஸ்க் தகட்டை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

துணையின்றிப் போகிறவர், எந்நேரத்துக்குள் ஒஹியாவை அடைவார் என்பதை வீட்டிலோ தங்குமிடத்திலோ சொல்லிவிட்டுப் போக வேண்டும். காட்டுப் பகுதியில் தொலைபேசி அலை பல இடங்களில் கிடைக்காது. அலை கிடைக்கும் இடத்தில் 1990 என்ற எண் சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்கு உரியது.

ஒஹியாவிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் திரும்ப நினைத்தால், அன்று ரயில் ஓடுகிறதா, சைக்கிளைப் பொதியாக ஏற்ற இடம் உண்டா என்பதை முந்தின நாளே நிலைய அதிபரிடம் கேட்டு, ரயில் வருவதற்கு வெகுமுன்னதாகச் சென்று பதிவுசெய்துகொள்ளுங்கள். கால்களில் வலு மிச்சமிருந்தால், பொரலந்த வழியாக வெலிமடைப் பக்கமோ ஹப்புத்தளைப் பக்கமோ தொடரலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும், அங்கிருந்து நகர்வதற்கு முன் பிரேக் கட்டைகளை மீண்டும் பாருங்கள். ஈரமும் மணலும் கலந்த ஓர் இறக்கம், காலையில் புதிதாக இருந்த கட்டையைக் கூட வெகுவாகத் தேய்த்திருக்கும்.